முடிவு அவருடையது: இல்லப் பணியாளர்களுக்கு ஒரு கையேடு

காலை ஐந்தரைக்கு விளக்கு எரியும். ஆறு மணிக்குக் குளியல், எட்டுக்கு இட்லி, ஒன்றுக்குச் சாப்பாடு, இரவு எட்டுக்குப் படுக்கை. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லங்கள் பலவற்றில் நாள் இப்படித்தான் ஓடுகிறது. ஐம்பத்தைந்து வயதான ஒருவர் இருபது வருடமாக அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது எழுவது, எந்தச் சட்டையைப் போடுவது, சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்கார்வது என்பதில் எத்தனையை அவர் தீர்மானித்திருப்பார்?

அந்த இல்லங்களில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர், வார்டன், செவிலியர், சிறப்பாசிரியர், சமையல் செய்பவர், இரவுப் பணியாளர், மேலாளர் எல்லோருக்குமான கட்டுரை இது. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் இந்த வேலையில் பாதிதான். வசிப்பவர் எடுக்க வேண்டிய முடிவை அவர் கையிலேயே விட்டுவைப்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கற்றுக்கொள்ளலாம், பழகலாம். அதில் தேறியவர்கள்தான் இந்தத் தொழிலில் மேலே வர வேண்டும்.

வயது ஏறும்போது

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983இல் 25 வயதாக இருந்தது. இன்று அது ஏறத்தாழ 60. இதய அறுவை சிகிச்சையும் பொது மருத்துவமும் முன்னேறியதன் பலன் அது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பெரிய எண்ணிக்கையில் முதுமையைக் காண்பது இந்தத் தலைமுறையில்தான். குழந்தைகளுக்கான பள்ளியாகத் தொடங்கிய எத்தனையோ நிறுவனங்களில் இன்று நரைத்த தலைகள் இருக்கின்றன. பெற்றோர் மறைந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிகளுக்கும் வயதாகிவிட்டது.

முதுமை இவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் முதுமையை ஆராயும் அயர்லாந்தின் நீண்டகால ஆய்வு, 40 வயதிலிருந்தே ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறது. உடல் தளரும்போது உதவி கூடுதலாகத் தேவைப்படும். உதவி கூடக் கூட, முடிவெடுக்கும் உரிமை ஓசையில்லாமல் பணியாளர் கைக்குப் போய்விடும். பணியாளர் முதலில் கவனிக்க வேண்டிய ஆபத்து இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பல வருடம் இல்லத்திலேயே வாழ்ந்தவர் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார். ‘வேண்டாம்’ என்று சொன்னால் திட்டு விழும் என்பது அவர் அனுபவத்தில் படித்த பாடம். அந்தச் ‘சரி’யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவருக்கு இடமும் நேரமும் கொடுத்த பிறகு வருவதுதான் சம்மதம்.

சட்டம் உங்களிடம் கேட்பது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதிசெய்தது. அதன் வழியில் வந்ததுதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இல்லப் பணியாளர் இந்தப் பிரிவுகளையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிரிவு 5: சமூகத்தோடு வாழ அவருக்கு உரிமை உண்டு. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பிரிவு 13: மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே அவருக்கும் சட்டத் தகுதி உண்டு. சொத்து வைத்திருக்கலாம், வாரிசாகப் பெறலாம், பண விவகாரங்களைத் தானே கவனிக்கலாம். அவருக்கு உதவுபவர் தகாத செல்வாக்கைச் செலுத்தக் கூடாது. அவருடைய தன்னுரிமை, கண்ணியம், அந்தரங்கம் ஆகியவற்றை மதிக்க வேண்டும். உதவுபவருக்குச் சொந்த லாபம் இருக்கும் விஷயம் என்றால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பிரிவு 14: போதிய உதவி கொடுத்தும் சட்டப்படியான ஒரு முடிவை அவரால் எடுக்க இயலாவிட்டால் வரையறுக்கப்பட்ட காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டுமே. அந்தக் காப்பாளரும் அவரோடு கலந்து பேசி, அவர் விருப்பப்படிதான் நடக்க வேண்டும்.

பிரிவு 7: வன்முறையோ சுரண்டலோ நடப்பதாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம்.

பிரிவு 92: பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவையோ தண்ணீரையோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ‘சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இன்றைக்கு டிபன் கிடையாது’ என்பது உங்கள் இல்லத்தில் இன்னும் தண்டனையாக இருந்தால், அது குற்றம்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்கிறது. காப்பாளர் இருக்கிறார் என்பதால் காலையில் தோசையா பொங்கலா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. அது சாப்பிடுபவரின் விஷயம்.

சண்டிகரில் ஓர் அரசு இல்லத்தில் வசித்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணின் கர்ப்பத்தை அவருடைய சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லத்தில் வசிப்பதாலோ குறைபாட்டைக் காரணம் காட்டியோ ஒருவருடைய சம்மதத்தைத் தாண்டிப் போக முடியாது என்று காட்டிய தீர்ப்பு அது.

ஐந்து விதிகள்

இங்கிலாந்தில் 2005இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டத்தின் முதல் பிரிவில் ஐந்து விதிகள் இருக்கின்றன. நம் ஊரில் அது சட்டமாக இல்லாவிட்டாலும் அன்றாட வேலைக்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைப்பது அரிது.

ஒன்று, முடிவெடுக்க இயலும் என்றே தொடங்குங்கள். இயலாது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இரண்டு, இயலாது என்று சொல்லும் முன் செய்யக்கூடிய எல்லா உதவியையும் செய்து பாருங்கள். மூன்று, உங்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை அவர் எடுத்தார் என்பதற்காக அவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடாது. நான்கு, அவருக்காக முடிவெடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அவர் நலனுக்கு உகந்ததையே செய்யுங்கள். ஐந்து, அப்படிச் செய்யும்போதும் அவர் சுதந்திரத்தை மிகக் குறைவாகத் தொடும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

திறன் என்பது விஷயத்துக்கு விஷயம் மாறும். நிலப் பத்திரத்தின் விவரம் புரியாத ஒருவருக்குத் தன் அறையில் யார் தங்க வேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருக்கும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் சோர்ந்துபோவார். அதனால் ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று மொத்தமாக எழுதும் வழக்கத்தை விடுங்கள். எந்த முடிவு, எந்த நேரம், எந்த உதவியோடு என்று பிரித்துப் பாருங்கள்.

நாளை எங்கிருந்து தொடங்குவது

பெரிய திட்டம் தேவையில்லை. காசு செலவாகாத முடிவுகளை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

அழைப்பு: ஐம்பது வயதைத் தாண்டியவரைப் ‘பாப்பா’ என்றும் எல்லோரையும் சேர்த்துப் ‘பிள்ளைங்க’ என்றும் கூப்பிடும் பழக்கம் பல இல்லங்களில் உண்டு. பாசத்தில் வருவதுதான். ஆனால் குழந்தை என்று கூப்பிட்டால் குழந்தையைப் போலவே நடத்தத் தோன்றும். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா, பேர் சொல்லி என எப்படி அழைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். ‘வா, போ’ என்பதை ‘வாங்க, போங்க’ என்று மாற்றுங்கள்.

உடை: பொது அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தத் துணி, அதில் பெயர், அதற்கென ஒரு பெட்டி. தினமும் காலையில் இரண்டு சட்டை, அல்லது இரண்டு புடவையைக் காட்டி எதை உடுத்துவது என்று கேளுங்கள்.

சாப்பாடு: முப்பது பேருக்குத் தனித்தனியாகச் சமைக்க முடியாது. சட்னியா சாம்பாரா, டீயா காபியா, சோறு இவ்வளவு போதுமா என்று கேட்க முடியும். வாரத்தில் ஒரு வேளை மெனுவை வசிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

குளியல்: காலையா மாலையா, வெந்நீரா பச்சைத்தண்ணீரா, யார் உதவ வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. கதவைத் தட்டாமல் குளியலறைக்குள்ளோ அறைக்குள்ளோ போகாதீர்கள்.

பணம்: தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒருவருக்கு வருகிறது என்றால் அது அவர் பணம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். சிறு கைச்செலவுப் பணத்தை அவர் கையில் கொடுத்துப் பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போங்கள். எண்ணத் தெரியாதவருக்கும் தேர்ந்தெடுக்கத் தெரியும்.

ஓட்டு: நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே, அந்தக் காரணத்தைச் சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து அவரை விலக்க முடியும். அறிவுசார் குறைபாடு என்ற மருத்துவச் சான்று அதற்குப் போதாது. உங்கள் இல்லத்தில் எத்தனை பேருக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

கேட்கத் தெரிய வேண்டும்

தப்பாகக் கேட்டால் தப்பான பதில்தான் வரும். நான்கு பழக்கங்கள் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ‘குளிச்சிட்டு வெளியே போலாமா, இல்ல டிவி பாக்கறீங்களா, அப்புறம் சாப்பிடலாமா’ என்று அடுக்கினால் கடைசியாகக் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்வார்.

பொருளைக் காட்டிக் கேளுங்கள். வெறும் சொல்லைவிடப் படமும், படத்தைவிடக் கையில் தொட்டுப் பார்க்கும் பொருளும் புரியும். ஆப்பிளா வாழைப்பழமா என்று கேட்பதானால் இரண்டையும் தட்டில் வைத்துக் கேளுங்கள்.

காத்திருங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வர நேரமாகும். அவசரத்தில் நாமே பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை அவர் முயற்சியே செய்ய மாட்டார்.

மாற்றிக் கேட்டுச் சரிபாருங்கள். கடைசியாகச் சொன்னதையே சிலர் தேர்ந்தெடுப்பார்கள். வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் அது அவர் விருப்பம்.

கேட்பது போலத் தெரியும் கட்டளைகளும் உண்டு. ‘மாத்திரை சாப்பிடறோமா?’ என்று கேட்டு, அவர் மறுத்த பிறகும் வாயில் போட்டுவிட்டால் அடுத்த கேள்வியை அவர் நம்ப மாட்டார். தேர்வு இல்லாத இடத்தில் கேள்வி வேண்டாம். மாத்திரை எதற்கு என்று எளிமையாகச் சொல்லிவிட்டு, தண்ணீரோடா பாலோடா, இப்போதா பத்து நிமிடம் கழித்தா என்பதில் தேர்வைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் திணிக்காமல் நிறுத்தி, மருத்துவரிடம் பேசுங்கள்.

பேச்சு இல்லாதவரும் பேசுகிறார்

பேசாதவருக்கு விருப்பமே இல்லை என்று நினைப்பது இந்தத் துறையின் பழைய பிழை. முகத்தைத் திருப்புவது, தட்டைத் தள்ளுவது, ஒருவரைக் கண்டதும் கை நீட்டுவது, ஒரு பாட்டு வந்ததும் உடல் ஆடுவது எல்லாமே சொற்கள்தான்.

அந்தச் சொற்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரியுங்கள். ‘இவர் இதைச் செய்தால்’, ‘அதற்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்’, ‘நாங்கள் செய்ய வேண்டியது’ என மூன்று பத்திகள். நீண்ட நாள் பழகிய ஆயாவும் இரவுப் பணியாளரும் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். பல சமயம் மருத்துவரைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். அவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடும். காகிதத்தில் இருந்தால் மிஞ்சும்.

கருவிகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் முறையில், பிடித்தது, பிடிக்காதது, சொல்லத் தெரியவில்லை என்ற மூன்று இடங்களில் படங்களை வைத்துத் தன் கருத்தைச் சொல்லலாம். ஒரு பாயும் சில படங்களும் இருந்தால் இதே முறையை நீங்களும் முயலலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி, படத்தைத் தொட்டால் குரலில் பேசும். கருவி எதுவானாலும் அது அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. அவர் கைக்கு எட்டும் இடத்தில் நாள் முழுக்க இருக்க வேண்டும்.

ஆபத்தும் வாழ்க்கையின் பங்குதான்

‘கீழே விழுந்துட்டா யார் பதில் சொல்றது?’ இல்லங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்தினால் வாசல் கதவு பூட்டப்படுகிறது, நடைப்பயிற்சி நிற்கிறது, கத்தி பிடித்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சும்மா உட்கார வைக்கப்படுகிறார். தசை இளைக்கிறது. பிறகு உண்மையிலேயே விழுகிறார்.

அமெரிக்கரான ராபர்ட் பெர்ஸ்கே, ஆபத்தை ஏற்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது என்று 1972இல் எழுதினார். அரை நூற்றாண்டாக இந்தத் துறை அதைப் பின்பற்றத்தான் பாடுபடுகிறது. நடைமுறையில் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவருக்கு என்ன வேண்டும்? என்ன தவறு நடக்கலாம்? அதைக் குறைக்க என்ன செய்யலாம்? செய்யவே விடாவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

உதாரணமாக, ஒருவர் தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போக ஆசைப்படுகிறார். முதல் வாரம் கூடப் போங்கள். இரண்டாவது வாரம் பத்தடி தள்ளி நடங்கள். கடைக்காரரிடம் அறிமுகப்படுத்துங்கள். சட்டைப் பையில் இல்லத்தின் தொலைபேசி எண்ணை வையுங்கள். கூட்டம் குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இதையெல்லாம் எழுதி, அவரும் மேலாளரும் ஒப்புக்கொண்டால் பொறுப்பு ஒரு பணியாளர் தலையில் மட்டும் விழாது.

கட்டிப்போடுவதும் அறையில் பூட்டிவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பியோட முடியவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தொழில் செய்யும் யாரும் அதை மறக்கக் கூடாது.

உடல் மாறும்போது

நடத்தையில் மாற்றம் தெரிந்தால் ‘அவருக்கு இருக்கும் குறைபாடுதான் காரணம்’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் உடலைப் பாருங்கள். பல்வலி, காதில் அழுக்கு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கண்புரை, தைராய்டு, மூட்டுவலி என்று காரணம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தலையில் அடித்துக்கொள்வார், சாப்பாட்டைத் தள்ளுவார், பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவார்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். அவர்களுக்குக் கூடுதலாக இருக்கும் 21ஆம் குரோமோசோமில்தான் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அறுபது வயதைத் தொடும்போது பாதிப் பேருக்கு மேல் அந்த நோய் காணப்படுகிறது. அதனால் முப்பத்தைந்து வயதிலேயே ஒருவர் என்னென்ன தானாகச் செய்கிறார் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மறதி தொடங்கும் முன்பே பிடித்த பாட்டு, பிடித்த மனிதர், பயப்படும் விஷயம், படுக்கும் விதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பின்னால் அவரால் சொல்ல முடியாத நாளில் அந்தக் குறிப்பைப் பார்த்து அவர் விருப்பப்படியே நடக்கலாம்.

அமைதிப்படுத்தும் மாத்திரையில் கவனமாக இருங்கள். மனநோய் இல்லாதவர்களுக்கும் நடத்தையைக் கட்டுப்படுத்த இத்தகைய மருந்துகள் அளவுக்கு மீறித் தரப்படுவதைக் குறைக்க இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவை 2016இல் தனி இயக்கமே தொடங்கியது. உங்கள் இல்லத்தில் யார் எந்த மாத்திரையை எத்தனை வருடமாக எதற்காகச் சாப்பிடுகிறார் என்று பட்டியல் எடுத்து மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவமனையில் மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசுவார். நீங்கள் வசிப்பவர் பக்கம் திரும்புங்கள். ‘ஐயாகிட்டயே கேளுங்க டாக்டர், நான் கூட இருக்கேன்’ என்று சொல்லுங்கள். சிகிச்சையைப் படம் வரைந்தாவது அவருக்கு விளக்கச் சொல்லுங்கள்.

சாவையும் மறைக்காதீர்கள். தாய் இறந்ததை ‘மனசு தாங்காது’ என்று சொல்லாமல் விடும் குடும்பங்கள் உண்டு. அம்மா ஏன் வரவில்லை என்று அவர் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். சடங்குக்குப் போக விரும்புகிறாரா என்று கேளுங்கள். அழுவதும் அவர் உரிமை.

குடும்பத்தோடு பேசும் விதம்

குடும்பத்தை எதிரியாக்காதீர்கள். முப்பது வருடம் தூக்கிச் சுமந்த தாய்க்கு, மகன் தனியாகக் கடைக்குப் போகிறான் என்றால் நெஞ்சு பதைக்கும். ‘நீங்க தடுக்கறீங்க’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ‘அவர் இந்த வாரம் தானாவே சட்டை எடுத்துப் போட்டாரு, பாருங்க’ என்று தொடங்குங்கள். ஒவ்வொரு சின்ன வெற்றியும் அவர்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் கூட்டும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. சொத்துப் பத்திரத்தில் கைரேகை வாங்க உறவினர் வந்தால், வசிப்பவருக்கு அது என்னவென்று புரியும்வரை தனியாக விளக்கப்பட்டதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மேலாளர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம்.

குழுவும் குறிப்பேடும்

ஒரு பணியாளர் தேர்வைக் கொடுத்து, அடுத்த ஷிப்டுக்காரர் பறித்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் குறிப்பேட்டில் எழுதும் முறையை மாற்றுங்கள். ‘காலை உணவு உண்டார், மலம் கழித்தார், தொந்தரவு இல்லை’ என்பதோடு நிறுத்தாமல் ‘இன்று அவர் தேர்ந்தெடுத்தது’, ‘இன்று அவர் மறுத்தது, நாங்கள் செய்தது’ என்று இரண்டு வரி சேருங்கள். ஒரு மாதம் கழித்து அந்த வரிகளைப் படித்தால் அவருடைய விருப்பங்கள் தெரிய வரும். வரிகள் காலியாக இருந்தால் இல்லத்தின் நிலை தெரிய வரும்.

ஒருவர் விருப்பம் இன்னொருவருக்கு இடைஞ்சலாவதும் உண்டு. ஒருவருக்கு ஃபேன் வேண்டும், பக்கத்துக் கட்டில்காரருக்குக் குளிரும். ஒருவருக்கு சீரியல், இன்னொருவருக்குப் பழைய பாட்டு. வாரம் ஒருமுறை வசிப்பவர்கள் கூட்டம் நடத்துங்கள். அதில் பணியாளர் குறைவாகப் பேசட்டும். முடிவைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1974இல், ‘நாங்கள் முதலில் மனிதர்கள்’ என்று அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே ஒரு மாநாடு கூட்டினார்கள். இன்று பல நாடுகளில் இருக்கும் பீப்பிள் ஃபர்ஸ்ட் இயக்கம் அதில் பிறந்தது. அப்படி ஒன்று உங்கள் இல்லத்துக் கூடத்திலும் தொடங்க முடியும்.

மேலாளர்களுக்கு

ஆள் போதாது என்பது உண்மை. முப்பது பேரை மூன்று பேர் கவனிக்கும் இடத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் காத்திருப்பது கடினம். ஆனால் நேர அட்டவணை யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணிப் படுக்கை வசிப்பவர்களுக்காகவா, ஷிப்டு மாறுவதற்காகவா? ஒரு பணியாளரின் டியூட்டியை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தால் பத்துப் பேர் விருப்பப்படி விழித்திருக்கலாம்.

பணியாளரை அதட்டும் மேலாளரின் இல்லத்தில் வசிப்பவரும் அதட்டப்படுவார். டியூட்டி மாற்றம் கேட்டால் காது கொடுங்கள். குறைந்த சம்பளமும் விடுப்பில்லா வேலையும் பொறுமையைத் தின்றுவிடும். விபத்து நடந்தால் முதலில் அந்த நாலு கேள்வித் தாளைப் பாருங்கள். ஒப்புக்கொண்ட திட்டப்படி நடந்த பணியாளரைப் பலிகடா ஆக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அதன்பின் யாரும் எந்தக் கதவையும் திறக்க மாட்டார்கள்.

ஸ்வீடன் 1993இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியே பெரிய காப்பகங்களை மூடிச் சிறு குழு வீடுகளுக்கு மாறியது. இந்தியாவில் தேசிய அறக்கட்டளையின் ‘கரௌண்டா’ திட்டம் பெரியவர்களுக்கான குழு இல்லங்களுக்கென்று தொடங்கப்பட்டது. இடம் மாற முடியாவிட்டாலும், பெரிய கூடத்தைத் தடுத்து நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். யாரோடு தங்குவது என்பதை அவர்களே சொல்லட்டும்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

இந்தத் துறைப் படிப்புகளை இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரிக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மன்றம் அது. சேரும் முன் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உள்ளவர்களின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் தமிழ்நாட்டில் பயிற்சிக்கு முக்கியமான இடம்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள். இந்த இல்லம் சட்டப்படி பதிவு பெற்றதா? வசிப்பவர்களுக்குச் சொந்தப் பெட்டி இருக்கிறதா? அவர்கள் கூட்டம் நடக்கிறதா? மறுத்தால் என்ன நடக்கும்? பதிலில் தயக்கம் தெரிந்தால் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். வசிப்பவர்கள் பணியாளரைக் கண்டதும் நெருங்கி வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா என்பதைப் பார்த்தாலே போதும்.

வெளிநாட்டுப் பராமரிப்பு இல்லங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு சொல்: இங்கிலாந்து நேர்காணல்களில் மேலே சொன்ன ஐந்து விதிகளைக் கேட்க வாய்ப்பு அதிகம். அயர்லாந்தில் உதவியோடு முடிவெடுக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விதியை ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் செய்து பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பணியாளர்களே, உங்கள் வேலை கடினமானது. அதற்குரிய மதிப்பும் ஊதியமும் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இதைச் செய்யுங்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவர்களில் ஒருவரை இந்த வாரம் தேர்ந்தெடுங்கள். இதுவரை நீங்கள் அவருக்காக எடுத்துவந்த ஒரு முடிவை அவரிடம் கொடுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. ஓர் இல்லம் நல்ல இல்லமா என்பதற்கு ஒரே அளவுகோல்தான் உண்டு: அங்கே வசிப்பவர் பயமில்லாமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிய வேண்டும், சொன்னால் அது நிற்க வேண்டும்.